கோசிமா கோத்த தக்காளிச் சரங்கள்

கோசிமா செத்த ஒன்பதாம் நாள், அவள் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்ட தக்காளிச் சரங்கள் மதியம் ஒன்று பத்துக்கு வியர்க்க ஆரம்பித்தன. மூன்று மணிக்கு நின்றன. மறுநாளும் அப்படியே.

தெற்கு இத்தாலியின் தோர்ரே கான்னே கடற்கரையில் ரெஜினாத் தக்காளி உப்புக் கிணற்றுத் தண்ணீர் குடித்துத்தான் வளரும். தோல் தடித்துப்போகும், பருத்தி நூலில் காம்போடு கோத்துத் தொங்கவிட்டால் வசந்தம்வரை கெடாது. ஆகவே சொட்டுவது கிணற்று உப்பு என்றார்கள் சிலர். மகள் பால்மா நாக்கில் தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் கழுத்து உப்பு அவளுக்குத் தெரியாதா?

கோசிமா செத்தது, கூலிப் பெண்களை வேனில் ஏற்றிப்போகும் மேஸ்திரி நார்தீனோவின் வயலில், ஆகஸ்ட் வெயிலில், மதியம் ஒன்று பத்துக்கு, குனிந்தபடி. மூன்று மணிக்குத்தான் அவள் உடம்பை அவன் தன் வேனில் கொண்டுவந்து அவள் கட்டிலில் கிடத்தினான். டாக்டர் எழுதினார்: வீட்டில், மாரடைப்பு, மாலை ஆறு மணி. அந்தத் தாளில் ‘வயல்’ என்று இருக்க வேண்டும்; பால்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். கூட வேலைசெய்த நான்கு பெண்கள் சாட்சி சொல்லச் சம்மதித்திருந்தார்கள்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, சாப்பாடு வெளியிலிருந்துதான் வரும். யார் அனுப்பியதைத் தின்கிறோமோ அவரோடு பகையில்லை என்று அர்த்தம். மூன்றாம் நாள், பால்மா வக்கீலைப் பார்க்கப் போன நேரத்தில், நார்தீனோ ஒரு பானை கறிச்சாறும் பாஸ்தாவும் அனுப்பினான். அப்பா வீத்தோ இரண்டு தட்டு தின்றுவிட்டார்.

“அந்த ஆளு அனுப்புனதையாப்பா தின்னே?”

“பசிச்சுதுடி. சூடா இருந்துச்சு.”

“அம்மாவும் சூட்டுலதான் செத்தா.”

சாட்சிகள் பின்வாங்கினார்கள். “உங்கப்பனே வாயத் தொறந்து வாங்கிக்கிட்டான். நாங்க எதுக்குடி வாயத் தொறக்கணும்?” என்றாள் அவர்களில் ஒருத்தியான தோனாத்தா.

சரங்கள் வியர்த்தபோது பாதிரியார் வந்து தண்ணீர் தெளித்தார். ஈரம் கூடியதுதான் மிச்சம். டாக்டர் வந்து கைக்குட்டையால் ஒரு பழத்தைத் துடைத்துவிட்டு, எதுவும் எழுதாமல் போனார். நார்தீனோவும் வந்தான்.

“கூரை ஒழுகுதும்மா. ஆள் அனுப்பட்டுமா?”

“மழையே பெய்யலியே மேஸ்திரி.”

அடுத்த கோடையில் அந்த நான்கு பெண்களின் வீட்டுச் சரங்களும் வியர்த்தன. அதற்கடுத்த கோடையில் நார்தீனோ வீட்டில், அவன் பெண்டாட்டி கோத்தது, சரியாக அவன் சாப்பாட்டுத் தட்டில் சொட்டியது. இடம் மாற்றி உட்கார்ந்தான், அங்கேயும் சொட்டியது.

ஏழு வருஷமாகிவிட்டது. வேறு வேலை கிடைக்காமல் பால்மாவும் அவன் வேனில்தான் ஏறுகிறாள். ஒன்று பத்தானதும் நார்தீனோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, “போதும், நிழலுக்குப் போங்க” என்கிறான். மூன்று மணிவரை யாரும் குனிவதில்லை. ஏன் என்று புதிதாக வந்தவள்கூடக் கேட்பதில்லை. தாளில் மட்டும் இன்னும் வீடு, மாலை ஆறு மணி.