ஊதா வெளிச்சத்தில் இருபது நிமிடம்

விசைப்பலகையின் ரப்பர் தோலை உரித்ததும் அடியில் கரப்பான் முட்டைக்கூடுகள், புளியங்கொட்டை நிறத்தில், யாரோ பொறுமையாக அடுக்கி வைத்ததுபோல ஒட்டிக்கிடக்கின்றன, ஒன்றை இடுக்கியால் நெம்புகிறேன், அது மெல்ல உடைந்து உள்ளிருந்து ஒரு தூள் பறந்து என் உதட்டில் படிகிறது, துப்புகிறேன், துப்பிய பிறகும் அந்தக் காறிய எண்ணெய் நாற்றம் நாக்குக்கு அடியிலேயே இருந்தது, வாய் கொப்பளித்தேன், வெற்றிலை போட்டேன், இப்போது இதை நினைக்கும்போதும் இருக்கிறது, அன்று எனக்கு அருவருப்பு கரப்பான்மீது மட்டும்தான், அது என் பக்கம் திரும்புவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த மெஷினைப் பூங்கொடி கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய துண்டில் சுற்றி, பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு, கீழே வைக்கவே இல்லீங்ணா என்றாள், நாற்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும், அங்கே ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எதிலோ படித்துவிட்டு முகவரி விசாரித்து வந்திருந்தாள். கூட்டம் என்றால் நாங்கள் நான்கு பேர், கணபதி பகுதியில் மயில்சாமியின் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல் ஒரு தகரக்கூரை அறை, அங்கே நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பழைய டிவிகளில் மாட்டி ஆடுவோம், பழைய கேம்கள் அல்ல, புதியவை, உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருக்கும் எங்களைப்போன்ற பைத்தியங்கள் அந்த மெஷின்களுக்காக இன்றும் எழுதிக்கொண்டிருப்பவை, நானும் எழுதுவேன், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தி வந்த வாயால் வாரத்துக்கு ஒருநாள் மயில்சாமியோடு சண்டை போடுவேன், உன் மீன் ரொம்ப மெதுவாப் போகுது ராசா என்பான் அவன், நொய்யலில் சாயக்கழிவுக்குத் தப்பி நீந்தும் மீன், அது என் கேம், நாற்பத்தெட்டே கிலோபைட்டுக்குள் ஒரு ஆற்றை அடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது, அந்த அறையில் புரியும், அந்தப் புரிதலுக்காக நான் எதையும் செய்வேன் என்று நினைத்திருந்தேன், செய்தும்விட்டேன்.

எங்கப்பாவோடதுங்ணா, பேரு அர்த்தநாரி, ஸ்பின்னிங் மில்லுல எலெக்ட்ரீசியனா இருந்தாரு, போயிப் பதினோரு வருசமாச்சு, எனக்கு எட்டு வயசு இருக்கயில அவரே ஒரு கேம் எழுதுனாரு, மில்லுக்குள்ள ஒரு சின்னப் புள்ள ஓடிப்போயி நூல்கட்டையெல்லாம் பொறுக்கும், மேஸ்திரி ஒருத்தரு வெரட்டுவாரு, கடசில தமிழ்லயே என் பேரு வரும், அத ஒருக்காப் பாக்கோணும், அவ்வளவுதானுங்ணா, பாத்துட்டுக் கொண்டுபோயிருவேன் என்றாள், சொல்லும்போது அவள் கை துண்டின் நுனியைப் பிடித்தபடியே இருந்தது. நான் சரிம்மா, ஓட வைத்துத் தருகிறேன் என்றேன், அந்தக் காலத்தில், அந்த மெஷினில், எட்டுக்கு எட்டுப் புள்ளிகளுக்குள் ஒரு மில் எலெக்ட்ரீசியன் தமிழ் எழுத்து வரைந்திருக்கிறார் என்பதே என்னை மயிர்க்கூச்செறிய வைத்தது, அதையும் அவளிடம் சொன்னேன், உண்மையாகத்தான் சொன்னேன், அந்த நிமிஷம்வரை நான் நல்லவன்தான்.

துண்டுக்குள் மெஷினோடு ஏழு கேசட்டுகளும், பின்புறம் செருகுகிற கையால் செய்த ஒரு சின்ன போர்டும் இருந்தன, கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை, போர்டில் ஒரே ஒரு சிப், நடுவில் கண்ணாடிச் சன்னல் வைத்த அந்தக் காலத்துச் சிப், சன்னல்மேல் யாரோ கறுப்புக் காகிதத்தைச் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள், வெளிச்சம் உள்ளே போகாதிருக்க, ஏனென்றால் அந்தச் சன்னல் வழியாகப் புற ஊதா வெளிச்சம் இருபது நிமிடம் பட்டால் சிப்பில் எழுதியிருப்பதெல்லாம் அழிந்துபோகும், பிறகு புதிதாக எழுதிக்கொள்ளலாம், அதுதான் அந்தச் சிப்பின் அருமை, இப்போது யாரும் அந்தச் சிப்பைத் தயாரிப்பதில்லை, கடையில் வாங்கினால் போலி, ஆன்லைனில் வரவழைத்தவை ஐந்தும் எழுத்து ஏறாமல் பல்லிளித்தன, என் மீனைச் சிப்பில் எழுதிச் செருகி, அது உண்மையான மெஷினில் ஓடுவதைப் படம்பிடித்து வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுப்பவேண்டும், கடைசி நாள் புதன்கிழமை, அன்று திங்கள். மேஜையில் சிப்பைப் படிக்கிற கருவி இருக்கிறது, என் வலது கைக்குப் பக்கத்தில், செருகிப் பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிவிடும், நான் அதைப் பார்க்கிறேன், சிப்பைப் பார்க்கிறேன், கேம் என்றால் கேசட்டில்தான் இருக்கும், இது ஏதோ மில் மெஷினுடைய கன்ட்ரோல் போர்டாக இருக்கும் என்று எனக்கு நானே சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன், படித்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அழிக்க முடியாது, அதனால் படிக்கவில்லை, இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய். கறுப்புக் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன், முப்பத்தெட்டு வருஷம் பிடித்துக்கொண்டிருந்த பசை நகக்கண்ணில் ஏறியது, சிப் அழிக்கிற புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்து மூடினேன், மூடியின் இடுக்கில் ஊதா வெளிச்சம் ஒரு நூலாகத் தெரிந்தது, கீழே போய் டீ குடித்தேன், வடை தின்றேன், வடையில் மிளகு அதிகம் என்று கடைக்காரரிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது, இருபது நிமிடம் முடிந்து வந்தபோது சிப் வெறுமையாக இருந்தது, வெறுமைதானா என்று அப்போது கருவியில் போட்டுப் படித்துப் பார்த்தேன், அதற்குக் கருவி பயன்பட்டது.

மீன் எங்கள் மெஷின் ஒன்றில் ஓடியது, புதன்கிழமை படத்தை அனுப்பினேன், பிறகு அவள் மெஷினைப் பிரித்துக் கரப்பான் கூடுகளைச் சுரண்டி, வெடித்த கெபாசிட்டர்களை மாற்றி, இந்தக்காலத்து டிவியில் மாட்டுவதற்காகப் பக்கவாட்டில் ஒரு துளையும் போட்டேன், அவளைக் கேட்காமலே, கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை, திரையில் வெள்ளை வந்தது, கேசட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஓட்டினேன், ஒன்றிலும் ஒன்றுமில்லை, பூஞ்சையின் இரைச்சல், ஒன்றில் மட்டும் ரேடியோவிலிருந்து பிடித்த விவசாய நிகழ்ச்சி. போன் செய்து கேசட்டில் கேம் இல்லையேம்மா என்றேன், கேசட்டா, கேசட்டு இல்லீங்ணா, பொறகால ஒரு அட்டை சொருகுவாரே, மில்லுல சிப்புல எழுதற மெஷினு இருந்துச்சு, அதுல எழுதிக் கொண்டாந்தாரு, அட்டை உள்ளயே இருக்குதுங்ளே என்றாள், ஆமாம் இருக்கிறது என்றேன், என் குரல் கொஞ்சமும் மாறவில்லை, அதுதான் பிறகு என்னைப் பயமுறுத்தியது, இரண்டு வாரம் கொடுங்கள், சிப் பழசு, பக்குவமாகத்தான் எடுக்கவேண்டும் என்று டாக்டர்போலச் சொன்னேன், பக்குவமாவே எடுங்ணா, அவசரமில்ல என்றாள். மயில்சாமியிடம் மட்டும் சொன்னேன், அவன் சுருள் கம்பியைப் பல்லால் கடித்தபடி கேட்டான், கேட்டுவிட்டுச் சிரித்தான், அட விடப்பா, நீ எழுதாத கேமா, நீயே ஒண்ணப் போட்டுக் குடு, எட்டு வயசுல பாத்தது அந்தம்மாவுக்கு எங்க ஞாபகமிருக்கப்போகுது என்றான், நான் சே, அது எப்படி என்றேன், சொல்லிக்கொண்டிருக்கும்போதே மில்லின் தரையை எந்த நிறத்தில் போடலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பன்னிரண்டு நாட்கள், சொல்லக் கூசுகிறது, என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை, வகுப்பு முடிந்து நேராக அறைக்கு வருவேன், நூல்கட்டைகள், பாவாடை கட்டிய சிறுமி, தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் மேஸ்திரி, அர்த்தநாரி என்கிற மனிதர் எப்படி எழுதியிருப்பாரோ அப்படி எழுதவேண்டுமென்று வேண்டுமென்றே சில தப்புகள் வைத்தேன், சிறுமி சுவர் ஓரத்தில் ஒரு நொடி மாட்டிக்கொள்வாள், ஓசை இரண்டே சுரம், தமிழ் எழுத்துகளைக் கொஞ்சம் கோணலாக வரைந்தேன், பூ என்ற எழுத்தின் சுழியை மூன்று முறை அழித்து அழித்துத் தொழில் தெரியாத கைபோல ஆக்கினேன், செத்த மனிதரின் கையெழுத்தை நான் செய்துகொண்டிருந்தேன், அதற்கு நடுவில் என் மீனுக்குப் போட்டியில் மூன்றாமிடம் என்று கடிதம் வந்தது, அதைப் படித்துவிட்டு மறுபடி சுழிக்குத் திரும்பினேன். தோற்றால் ஆட்டம் முடிந்தது என்று வரும், ஜெயித்தால் சபாஷ் பூங்கொடி என்று வரும், அந்தச் சபாஷை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது, ஒரு அப்பா பேசுகிறார் என்று நினைத்தேன், என்ன பிறவி நான், அதே விளக்கில் என் மீனை அழித்து, அதே சிப்பில் அவள் அப்பாவை ஏற்றினேன், காகிதத்தைச் சதுரமாக வெட்டி ஒட்டினேன், புதுசாகத் தெரியக்கூடாதென்று அதன்மேல் விரலால் அழுக்குத் தேய்த்தேன்.

அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவையில் வந்திருந்தாள், யாரையோ பார்க்கப் போவதுபோல, மயில்சாமி செல்போனைத் தூக்கிப் படம்பிடிக்கிறான், வேண்டாமென்று அவன் கையைத் தட்டியிருக்கலாம், தட்டவில்லை, சிறுமி திரையில் வந்ததும் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், ரப்பர் விசைகள்மேல் விரல்களை வைத்தாள், ஆடத் தெரியாதவள்போல நேராக மேஸ்திரிமேல் போய் மோதினாள், ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை, ஆட்டம் முடிந்தது என்று வந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பின்னாலிருந்து பரவாயில்லைம்மா மறுபடி ஆடுங்கள் என்றேன், திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தாள், பிறகு ஆடினாள், எவ்வளவு லாவகமாக ஆடினாள், ஒரு கட்டைகூட விடாமல், சுவர் ஓரத்தில் மாட்டாமல், சபாஷ் பூங்கொடி என்று வந்தது, முகத்தைப் புடவைத்தலைப்பால் மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதாள், மயில்சாமி கைதட்டினான், படம்பிடித்துக்கொண்டே கைதட்டினான், நானும் அழுதேன், அந்தப் படத்தில் இருக்கிறேன், ஓரத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவள் மெஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள், மயில்சாமி படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பினான், நாற்பது வருஷத்துக்கு முன் தமிழில் எழுதிய கேம், கண்டெடுத்துக் கொடுத்த பேராசிரியர் என்று, நான் பேராசிரியர்கூட இல்லை, பாலிடெக்னிக் வராந்தாவில் மாணவர்கள் எழுந்து நின்றார்கள், முன்பின் தெரியாதவர்கள் உங்கள் கையைக் கும்பிடவேண்டும் சார் என்று எழுதினார்கள், அந்தக் கையைத்தான் நான் சாப்பிடும்போது பார்க்கிறேன், நகக்கண்ணில் பசை, சோப்பு, எலுமிச்சை, படிகாரம், எதற்கும் போகவில்லை, பசை என்றோ போய்விட்டது என்று எனக்குத் தெரியும், சோற்றைப் பிசைய முடியவில்லை, கரண்டியால் தின்றேன்.

மூன்று வாரம் கழித்து பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன், மயில்சாமி தடுத்தான், அந்தம்மா நிம்மதியா இருக்குது, நீ போயி உன்ற வவுத்தெரிச்சலை அங்க கொட்டோணுமா என்றான், அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் அது இன்னும் அசிங்கமாக இருந்தது. கடையில் மத்தியானக் கூட்டம், அவள் வெள்ளைக் கோட்டில், கண்ணாடி போட்டுச் சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தாள், வாங்ணா உக்காருங்க என்று முக்காலியைக் காட்டினாள், மூன்று பேருக்கு மருந்து கொடுத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன், பிறகு சொன்னேன், முழுவதும், படிக்கிற கருவி கைக்குப் பக்கத்தில் இருந்ததையும், வடையையும், கோணல் சுழியையும், அவள் ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரியால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். அன்னைக்கே தெரியுமுங்க சார் என்றாள், அண்ணா போய் சார் வந்திருந்தது, நான் தோக்கறதுக்குத்தான் மொதல்ல ஆடுனேன், எங்கப்பாவோடதுல தோத்தா எந்திரி பூங்கொடினு வரும், நீ தோத்துட்டே, எந்திரிச்சு எடத்தக் குடுன்னு சொல்றாரா, இல்ல விழுந்துட்டே, எந்திரிச்சு மறுக்கா ஓடுன்னு சொல்றாரா, எனக்கு எட்டு வயசுல புரியலீங்க, கேட்டா அடிப்பாரு, கேக்கல, ஒருநாளும் நான் ஜெயிச்சதே இல்லீங்க, ஜெயிக்கறதுக்குள்ள சுச்ச அமத்திருவாரு, ஜெயிச்சா என்ன வரும்னு எழுதி வெச்சிருந்தாரோ அதத்தான் பாக்க வந்தேன். நான் பூங்கொடிம்மா என்றேன், அப்புறம் ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது. அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். சபாஷ்னு பாத்ததும் என்னயும் மீறி ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சுங்க, பொய்யின்னு தெரிஞ்சும் இருந்துச்சு, அதுக்குத்தான் அழுதேன், அந்த மனுசன் வாயில ஒருநாளும் வராத வார்த்தைங்க அது, நீங்க எங்கப்பன நல்லவனாக்கிட்டீங்க, எனக்கு நல்லவரு வேண்டாமுங்க, எங்கப்பாதான் வேணும், அவரு அதுல என்ன எழுதியிருந்தாலுஞ் சரி, ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தாலுஞ் சரி, இனி நெனைக்கறப்பெல்லாம் உங்க சபாஷ்தான் முன்னால வந்து நிக்குது, அத எப்படி அழிக்கறது சொல்லுங்க என்றாள், குரலை உயர்த்தவே இல்லை, வெளியே ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு கிழவர் வந்து சர்க்கரை மாத்திரை கேட்டார், எடுத்துக் கொடுத்தாள், வெறும் வயித்துல போடாதீங்க பெரியவரே என்றாள், அந்தக் குரலில் இருந்த பரிவு என்மேல் படவில்லை, படக்கூடாதுதான், மன்னிப்பு என்ற சொல்லை நான் வழி நெடுக பஸ்ஸில் வாய்க்குள் புரட்டிக்கொண்டே வந்திருந்தேன், அது எச்சிலில் ஊறிப் பிசுபிசுத்துப்போயிருந்தது, அதை அவளிடம் நீட்ட எனக்கே கூச்சமாக இருந்தது, விழுங்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை மூடும் நேரம், அவள் விளக்கை அணைத்தாள், மின்விசிறியை அணைத்தாள், வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தாள், நான் இன்னும் முக்காலியில் இருந்தேன், என்னைப் பார்த்தாள், கோபமாகப் பார்த்தாளா என்றால் இல்லை, எந்திரிங்க என்றாள்.