கலிபாவின் படம் ஒட்டிய சிடி

கரகோல் நகரத்தில் கல்யாண விருந்துகளில் பாடிக்கொண்டிருந்தாள் கலிபா. வாத்தியக்காரர்களை அமர்த்த வசதியில்லை. பாட்டின் இசையை மட்டும் கணவன் மெலிஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடியாகப் பதிந்து கொடுப்பான். அதை ஓடவிட்டு அவள் பாடுவாள்.

மாவு மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்ததும் மெலிஸுக்குத் தலைகால் புரியவில்லை. கையில் கிடைத்த பதிவிலிருந்து அவசர வேகத்தில் புதிதாக ஒரு சிடி பதிந்தான். மனைவியின் படத்தைத் தாளில் அச்சடித்து, வட்டமாக வெட்டி அதன்மேல் ஒட்டினான்.

"எதுக்குங்க இதெல்லாம்? மூஞ்சியா பாடப்போகுது?"

"சும்மா இரு. கடையில வாங்குன சிடி மாதிரி இருந்தாத்தான் மதிப்பாங்க."

கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டான். சுத்தமாக இருந்தது.

விருந்து மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளில் அதே இசை தகரம்போல் ஒலித்தது. கலிபா சமாளித்துப் பாடினாள். இரண்டாவது சரணத்தில் இசை ஒரே இடத்தில் திக்கியது. அவள் குரலை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தாள். இசை ஒரு தாவு தாவி, மறுபடி திக்கியது.

"பாட்டுக்கு விக்கல் எடுக்குதுப்பா! யாராச்சும் ஒரு வாய் குதிரைப்பால் குமிஸ் குடுங்க!" என்றான் மைக்கில் விருந்தைத் தொகுத்து நடத்தியவன். மண்டபமே சிரித்தது. யாரோ நடனப் பாட்டைப் போட்டார்கள். கலிபா மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

மெலிஸ் சிடியை வெளியே எடுத்தான். இயந்திரச் சூட்டில் தாள் உப்பி, படத்திலிருந்த அவள் கன்னத்தில் கொப்புளம்போல் எழும்பியிருந்தது.

"வீட்ல கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் கலிபா. நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அந்தக் கோடையில் யாரும் கூப்பிடவில்லை. இலையுதிர்காலத்தில், மாஸ்கோவில் தரை துடைக்கும் வேலைக்குப் போன ஊர்ப்பெண்களோடு அவளும் கிளம்பிவிட்டாள்.

பனிக்காலம் முழுக்க மெலிஸ் அந்தப் பாட்டோடு மல்லுக்கட்டினான். நல்ல பதிவாகத் தேடி, உயர்ந்த சிடி வாங்கி, நிதானமான வேகத்தில் பதிந்தான். தாள் ஒட்டவில்லை. அக்கம்பக்கத்து வீட்டு இயந்திரங்களிலெல்லாம் போட்டுப் பார்த்தான். பிறகு கலிபாவுக்குப் போன் செய்தான்.

"இப்ப எங்கயும் திக்கல. கேக்குறியா?"

"போடுங்க."

ரிசீவரைப் பெட்டியருகே பிடித்தான். முதல் சரணத்தை அவள் பாடவேண்டிய இடம் வந்தது, போனது. அவள் பாடவில்லை. வாளியை இழுக்கும் சத்தம்தான் கேட்டது.

"கலிபா, கூடப் பாடேன்."

"தரை துடைக்கிற மருந்து நெடியில தொண்டை அடைச்சுப்போச்சுங்க. சரி, போனை வெச்சிருங்க, மேற்பார்வைக்காரி வர்றா."

இணைப்பு அறுந்தது. இசை மட்டும் கடைசிவரை தடங்கலில்லாமல் ஓடியது.