ஐந்தாவது குரல்

கல்யாண வீடியோவில் ஜெனரேட்டர் இரைச்சலை அழிப்பது என் பிழைப்பு. சம்பந்தி சண்டையைக்கூடத் தடயமில்லாமல் துடைத்திருக்கிறேன். தென்காசியில் இந்த வேலைக்கு உமா மகேஸ்வரியை விட்டால் ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர்தான் சஃப்ரினைக் கெடுத்தது.

சஃப்ரின் என் கல்லூரித் தோழி. அவள் பாட்டில் ராகமும் இருக்காது, வார்த்தையும் இருக்காது. முனகுவாள், நாக்கைச் சொடுக்குவாள், குடத்துக்குள் வாய் வைத்து ஊதுவாள். வீட்டு மர அலமாரிக்குள் உம்மாவின் சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்வாள். ஒரு குரல் மேல் இன்னொன்றாக நான்கு அடுக்கு. மேடையிலும் எதையும் யோசித்து வைக்காமல், பாடிய குரலை லூப் பெட்டியில் பிடித்துச் சுழலவிட்டு அதன் மேலேயே பாடிக்கொண்டு போவாள். பெட்டியைப் பார்த்துக்கொள்வது நான். முதல் தடவை கேட்டபோது பூனைக்கு வயிற்றுவலியா என்று கேலி செய்தேன். பிறகு அதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பதிவை வாப்பா யாக்கூபுக்கு அனுப்புவாள். அவர் சவூதியில் ஏதோ பாலைவன கேம்ப்பில் இருக்கிறார். வெள்ளியன்று டவுனுக்கு வந்தால்தான் நெட். வாரம் முழுக்க அதையே கேட்பார். போனில் இடமில்லாததால் புதியது வந்ததும் பழையதை அழித்துவிடுவார். ஏழு வருஷமாக ஊருக்கு வராத மனிதருக்கு மகள் என்றால் அந்தக் குரல்தான்.

ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியது. ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் நடத்தும் சுந்தரபாண்டி அண்ணாச்சி, சீசன் கூட்டத்துக்கு முன்னால் பாடக் கூப்பிட்டு, மாதிரிக்கு ஒரு பதிவு கேட்டார். சஃப்ரினின் பதிவுகள் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. நல்லதாக ஒன்றைத் திறந்தேன். நான்கு அடுக்குக்கும் அடியில், அதுவரை நான் கவனிக்காத ஐந்தாவது குரல் ஒன்று இருந்தது. அவள் பாடுவதற்கு ஒரு நொடி முன்பே அது மூச்சு இழுத்தது. அவள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது. மற்றப் பதிவுகளையும் கேட்டேன். எல்லாவற்றிலும் இருந்தது. பட்டப்பகலில் கடை விளக்குகளை எல்லாம் போட்டேன்.

சஃப்ரினிடம் சொன்னேன். அவள் அசரவில்லை.

"அது எப்பமும் இருக்கும்ட்டீ. அதத் தொடாத."

தொட்டேன். எனக்குப் பயம், பயத்துக்கு இரைச்சல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினால், அந்தச் சத்தம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் துடைத்துவிடும். அந்த ஒரு நொடி மூச்சைக் காட்டினேன். எல்லாப் பதிவுகளையும் துடைத்தேன். டிஸ்கில் இடம் வேண்டுமே என்று வழக்கம்போல மூலத்தையும் அழித்தேன். பாட்டு கழுவிவிட்ட மாதிரி வந்தது.

சஃப்ரின் ஹெட்போனில் கடைசிவரை கேட்டாள். நன்றாக இருக்கிறது, பாடுவது யார் என்றாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். வெள்ளிக்கிழமை அதையே வாப்பாவுக்கும் அனுப்பினாள். பாடுவது யார் என்றுதான் அவரும் கேட்டிருந்தார்.

லாட்ஜில் மதியம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. தகரக் கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சஃப்ரின் பாடினாள். முன்வரிசைக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை. நான் மைக்கை வாங்கிப் பேசினால் என் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. மூன்று மைக் மாற்றினேன். லூப் பெட்டியைச் சுழலவிட்டேன். கூரையில் விழும் மழையும் யாரோ இருமுவதும் திரும்பத் திரும்ப வந்தன. அவள் மட்டும் அதில் இல்லை. சஃப்ரின் மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ தொடச்சது என்னயத்தாம்ட்டீ," என்றாள்.

எதிரே நின்று பேசினால் இன்றைக்கும் அவள் குரல் கணீரென்று கேட்கும். போனில் கேட்காது. எந்தக் கருவியிலும் பதியாது. இரண்டு வெள்ளி வெறும் பதிவாகப் போனது. மூன்றாம் வெள்ளி வாப்பாவிடமிருந்து செய்தி வந்தது: "ஏம்மா பேச மாட்டேங்க? வாப்பா மேல கோவமா?"

சஃப்ரின் அலமாரிக்குள் போய் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையும் பதியவில்லை. வெளியே வந்து போனை என் கையில் திணித்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவளைப் போலவே பேசினேன். நல்லா இருக்கியளா வாப்பா, தொண்டை சரியில்லை, பிறகு பாடுகிறேன் என்றேன். பாவம், சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்லிப் பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நான்தான் அவருக்கு மகள். போன வெள்ளி, அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுக் கேட்டேன். நான் பேச வாயெடுப்பதற்கு ஒரு நொடி முன்பு யாரோ மூச்சு இழுத்தார்கள். போனை சஃப்ரின் காதில் வைத்தேன். அவள் முகம் மலர்ந்தது. அப்படியே அனுப்பினோம்.

"இப்பந்தாம்மா ஒன் சத்தம் மாதிரி இருக்கு," என்றார் வாப்பா.

இப்போதெல்லாம் நான் யாருக்குப் போன் செய்தாலும் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். கடையில் தனியாகத்தான் இருப்பேன். சஃப்ரின் இருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.