முப்பது வெள்ளி ஊசி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில் ஒரே வாரத்தில் மூன்று நாய்க்குட்டிகள் ரத்தமாகக் கழிந்து செத்தன. அடுத்தது எங்கள் மிக்கிதான் என்று என் மனைவி வேலம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். மிக்கிக்கு நான்கு மாதம். பிள்ளைகள் இரண்டும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனபிறகு அவள் வீட்டில் வாய்விட்டுப் பேசுவதே அதனிடம்தான்.

ஈப்போ நாய் டாக்டருக்குப் போன் போட்டோம். ஓர் ஊசி எண்பது வெள்ளி, மூன்று வாரம் விட்டு விட்டு மூன்று ஊசி என்றார்கள். ஒரு நோய்க்கு எதற்கு மூன்று? ஒரே மருந்தை மூன்றாகப் பிரித்து விற்கிறான் என்றேன்.

"உங்களுக்குக் கோயில் திருநீறு மேலயே சந்தேகம்" என்றாள் வேலம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஜெகதீஸ்வரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கம்போங் ராஜாவில் கோழித்தீனிக் கடையில் வேலை பார்ப்பவன். நாய்க்கு முப்பது வெள்ளி, ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும் என்றான். லயத்து நாய்கள் ஏழும் வரிசைக்கு வந்துவிட்டன.

எங்கள் முறை வந்தபோது ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்தான். ஊசியை மாட்டும்வரை பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். அப்போதுதான் போட்ட கோழி முட்டை மாதிரி இளஞ்சூடாக இருந்தது. மூடியின் தகரமும் ஏற்கெனவே உரிந்திருந்தது. இருபத்தாறு வருடமாகத் தேயிலைக்கு மருந்து அடிக்கிறவன் நான். புது பாட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, ஐஸ் பொட்டி கொண்டாரலியா?"

"ஐஸா? அண்ணே, மூணு கம்பளி போத்திக்கிட்டுத் தூங்குற ஆளு நீங்க. கேமரன் மலையில ஐஸ் பொட்டி கேக்குற மொத ஆளும் நீங்கதான்லா."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம் தன் இரண்டு நாய்களுக்கும் ஊசி போட்டு முடித்து நின்றிருந்தாள். "எங்கண்ணனுக்கு டீத்தண்ணி ஆறிப்போனாக்கூட யாரு ஆத்துனதுன்னு விசாரிக்கணும்" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

நானும் சிரித்துவைத்தேன். மிக்கி ஒரு முறை கத்தியது. வேலம்மா மூன்று பத்து வெள்ளித் தாள்களைக் கொடுத்தாள். ஜெகதீஸ்வரன் காலி பாட்டிலைத் திரும்ப அதே பையில் போட்டுக்கொண்டான். காலி பாட்டில் இவனுக்கு எதற்கு?

"ஊசி போட்டதுக்கு அட்டை குடுப்பாங்கன்னு சொன்னாங்களே" என்றேன்.

"வீட்ல இருக்கு. வந்து வாங்கிக்குங்க."

அன்று முழுக்க அந்தச் சூடு என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. கோவிட் சமயத்தில் எஸ்டேட் மண்டபத்தில் எல்லாருக்கும் ஊசி போட்டபோது ஐஸ் பெட்டி தூக்கியவன் நான்தான். மூடி இரண்டு நிமிடம் திறந்திருந்ததற்குத் தாதி என்னை அத்தனை பேர் முன்னால் திட்டினாள். அதுவும் இதே மலை, இதே குளிர். குளிரைப் பற்றி அவளுக்குத் தெரியாததா இவனுக்குத் தெரிந்துவிட்டது?

அடுத்த ஞாயிறு அட்டை வாங்கும் சாக்கில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. தீனி மூட்டை இறக்க லெம்பா பெர்த்தாம் போயிருந்தான். அவன் மனைவி சசிரேகா உட்காரச் சொல்லி, "என்னண்ணே குடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஐஸ் தண்ணி இருந்தா ஒரு கிளாஸ்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இந்தக் குளிர்லயா?"

"தொண்டை காயுது."

அவள் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். நான் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கெம்போங் மீன், பாதி முட்டைக்கோஸ், சிரப் பாட்டில், நேற்றைய சாம்பார். மருந்து பாட்டில் ஒன்றுகூட இல்லை. கடையில் வைத்திருப்பானோ? ஒரு ஐஸ் பெட்டியைப் பார்த்து ஒருத்தனைக் குற்றம் சொல்லிவிட முடியாது. பல் கூச அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

அட்டையைப் பற்றிக் கேட்டதும் அவள் காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு நீல அட்டையை எடுத்துவந்தாள். "இந்த மாதிரிதான் இருக்கும். இது எங்க ப்ரூனோவோடது."

நான் வேகமாகப் படிக்கிற ஆள் இல்லை. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஈப்போ டாக்டரின் முத்திரை. பாட்டிலிலிருந்து உரித்து ஒட்டிய சின்னச் சின்னத் தாள்கள். பக்கத்தில் தேதி. ஒன்று, இரண்டு, மூன்று.

"மூணு ஊசியாம்மா?"

"ஆமாண்ணே. ஒண்ணு பத்தாதாம், இவருதான் சொன்னாரு. ப்ரூனோவ மட்டும் ஈப்போவுக்குத்தான் கொண்டுபோவாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு."

பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

லயத்தில் சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. செல்லம் துணி பிழிந்துகொண்டே சொன்னாள்: "எழுத்துப் படிச்சு நாலு வருசங்கூட ஆவல. அதுக்குள்ள அண்ணன் போலீசாயிட்டாரு." அறுபது வெள்ளி கொடுத்தவள் அவள். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் தன் நாய்க்கு அதைப் போடவில்லை என்பது மட்டும் தெரியும்.

வேலம்மா உள்ளே போய், சமையல் கேஸ் தோம்புக்கு வைத்திருந்த காசோடு வந்தாள். "தேயில வெட்டுன கவாத்துக் குச்சி கெடக்கு. இந்த மாசம் அத எரிச்சுக்கலாம்" என்றாள். மிக்கி அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. மேல் லயத்தில் இன்னொரு குட்டி சுருண்டுவிட்டதாக அன்று காலைதான் செய்தி வந்திருந்தது.

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு, ஈப்போவுக்கு மரக்கறி ஏற்றிப்போகும் கோகிலனின் லோரியில் இடம் கேட்டிருந்தேன். மிக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனால், செல்லம் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். காலடியில் முட்டைக்கோஸ் கூடை. அதற்குள் இரண்டு மூக்குகள்.

"எனக்கு ஈப்போல வேற வேலை இருக்கு" என்றாள் வெளியே பார்த்துக்கொண்டு. "இதுங்க சும்மா தொணைக்கு."

கோகிலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கியரைப் போட்டான். ஈப்போவில் இறங்கியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னாலேயே டாக்டர் கடைக்கு வந்தாள்.

டாக்டர் ஐஸ் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தார். தகரம் மூடியில் அப்படியே இருந்தது.

"டாக்டர், ஒரு நிமிசம் கையில குடுங்க."

நான் தேதி பார்க்கக் கேட்கிறேன் என்று நினைத்து, எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை. பாட்டிலை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். விடியற்காலையில் லயத்துக் குழாயைத் திறந்ததும் விழும் முதல் தண்ணீர் மாதிரி இருந்தது.

பின்னாலிருந்த பெஞ்சில் கூடை அசையும் சத்தம் கேட்டது.

"சில்லுன்னு இருக்காண்ணே?" என்று கேட்டாள் செல்லம்.