கனைப்புக்குப் பிறகு

மூச்சுத் திணறலில் அவளை மிஞ்ச அந்த மருத்துவக் கல்லூரியில் ஆளில்லை. நாலு மாடி ஏறி வந்தவளைப் போல மூச்சு வாங்குவாள். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் தொடர்வாள். "ஒண்ணுமில்ல, இதோ சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே கட்டில் விளிம்பை இறுகப் பற்றிக்கொள்வாள். மாணவர்கள் பழகுவதற்காகவும் தேர்வுக்காகவும் கல்லூரி அமர்த்தியிருந்த நடிப்பு நோயாளிகளில் அவளும் ஒருத்தி. வயிற்று வலிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். தலைச்சுற்றலுக்கு ஒரு தையற்காரி. இவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மூச்சம்மா'. எங்கே கற்றுக்கொண்டாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வீட்டிலே ஒருவர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்லியிருப்பாள்.

அவள் கணவர் லாரி எஞ்சின் பிரிக்கும் மெக்கானிக். அவருடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. முன்னால் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் கசியும். "வால்வு லீக்குன்னா எனக்கு வந்து பாடம் சொல்றாங்க பாரு, கொல்லன் தெருவுல ஊசி விக்கிற மாதிரி!" என்று முதல்நாள் மருத்துவமனையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். அந்தக் கசிவின் ஓசை பாடப் புத்தகத்தில் எழுதியிருந்தபடியே அத்தனை தெளிவாக இருந்தது. ஆகவே ஆண்டுதோறும் இறுதித் தேர்வுக்கு அவரை அழைத்தார்கள். அந்நாளில் தேர்வு உண்மையான நோயாளிகளை வைத்துத்தான் நடந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருப்பார். மாணவர்கள் வரிசையாக வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழலை வைப்பார்கள். பயந்து நடுங்கும் பிள்ளைகளிடம் தேர்வாளர் திரும்பும் நேரம் பார்த்து விடையைக் கிசுகிசுத்துவிடுவார். வால்வு மாமா என்றால் ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குத் தெரியும்.

வராந்தாவில் காத்திருந்தபோது ஒருமுறை ஒரு பேராசிரியர் இன்னொருவரிடம், "அருமையான கேஸ்" என்று சொல்லிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை பரிசு வாங்கியதைக் கேட்ட தாயைப் போல அன்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அறுவை செய்துகொள்வது நல்லது என்று ஒரு மருத்துவர் போகிற போக்கில் ஒருமுறை சொன்னார். அடுத்து வந்தவர்கள் ஓசையைக் கேட்டார்கள், ஓசையைப் பற்றிப் பேசினார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். "கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டு போயிடும்? மெதுவா பண்ணிக்கலாம்" என்றார் அவர். பிறகு கண்ணைச் சிமிட்டி, "அதுவுமில்லாம, ரிப்பேர் பண்ணிட்டா சத்தம் போயிடும். அப்புறம் பரீட்சைக்கு நம்மள யாரு கூப்பிடுவா?" என்றார்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை அவளால் திரும்பப் பெற முடியவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவருக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே தூங்கினார். அப்போதுதான் எல்லாரும் பதறினார்கள். இனி அறுவையை இதயம் தாங்காது என்றார்கள். அதன்பிறகு அதிக நாள் இல்லை.

இந்த ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் மாலை அவள் தன் அறையைப் பார்த்துக்கொள்ள வந்தாள். தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிறு அறை. ஒரு நாற்காலி அவளுக்கு, ஒரு கட்டில் பொம்மைக்கு. இப்போதைய ஏற்பாடு அப்படி: நோயின் கதையை அவள் சொல்வாள், நெஞ்சைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்ததும் மாணவர் பக்கத்தில் கிடக்கும் ரப்பர்த்தோல் பொம்மையின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, பதிவுசெய்யப்பட்ட ஓசையைக் கேட்க வேண்டும். பாதி நோயாளி அவள், பாதி நோயாளி அது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் பொம்மையின் விலாப்புறத்தில் எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. இந்தக் கட்டடத்துலயே லீவு கேக்காத ஒரே ஆளு இவருதான். இவருக்கும் நாளையோட ரிட்டையர்மென்ட்."

"ஏன், என்ன கொற?"

"பழைய மாடல். நாளைக்குச் சாயங்காலம் கம்பெனிக்காரங்க வந்து தூக்கிட்டுப் போறாங்க, பதிவோட சேர்த்து. கேளுங்க, இந்தச் சத்தத்துல ஒரு வில்லங்கம் இருக்கு."

அவர் வெளி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார். லப்... உஷ்ஷ்... டப். லப்... உஷ்ஷ்... டப். நீர் கசியும் குழாயைத் துணியால் பொத்திப் பிடித்தாற்போல ஒரு சத்தம். அவள் கைப்பையை நாற்காலியில் வைக்கக் குனிந்தாள். ஓசைக்கு நடுவே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

பையை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"கேட்டீங்களா? ரெக்கார்ட் பண்றப்போ எந்தப் பேஷன்டோ கனைச்சிருக்கான். வெட்டாம விட்டுட்டாங்க. பசங்க அதையும் ஒரு நோய்னு நெனச்சு எழுதி வெக்கிறாங்க!"

"இன்னொரு தடவ போடுங்களேன், தம்பி."

"ஐயையோ, இது கேள்வித்தாள் மாதிரிம்மா. பூட்டிடணும். நாளைக்கு வெளி ஸ்பீக்கரும் கிடையாது. சத்தம் வெளிய போனா அடுத்து நிக்கிறவன் கேட்டு எழுதிடுவான். நெஞ்சுல குழாய வெச்சாத்தான் கேக்கும்."

என்னவென்று சொல்லி அவள் கெஞ்சுவாள்? ஒரு கனைப்பை வைத்துக்கொண்டு, இது என் வீட்டுக்காரர் என்று சொன்னால் பாவம், தனிமையில் புத்தி தடுமாறிவிட்டது என்பார்கள். ஆனால் அவளுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. அந்த நெஞ்சின்மேல் தலை வைத்துத்தான் அவள் தன் கல்யாண வாழ்வின் இரவுகளையெல்லாம் உறங்கினாள். பேச வாயெடுக்குமுன் ஒருமுறை கனைப்பது அவர் வழக்கம். கடன் கேட்டு வந்தவரிடமும் கனைப்பார், காதலாக எதையேனும் சொல்ல வந்தாலும் கனைப்பார். பதிவுசெய்த நாள்கூட அவளுக்கு நினைவிருந்தது. "இன்னிக்கு என் நெஞ்ச டேப்புல புடிச்சாங்க. ஏதோ சொல்ல வந்தேன், 'பேசாதீங்க பேசாதீங்க'ன்னு அடக்கிட்டாங்க" என்றார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அது மறந்து போச்சு, விடு" என்று கைகழுவப் போய்விட்டார்.

மறுநாள் தேர்வு தொடங்குமுன், அவளுடைய அறைக்குத் தேர்வாளராக வந்த பெண் மருத்துவர், வெளியே வெளிறிப்போய் நின்ற மாணவர்களைப் பேச்சுக் கொடுத்துத் தேற்றிக்கொண்டிருந்தார். நரை எட்டிப்பார்க்கும் வயது. குரலில் அவசரம் இல்லை.

"ஒரு காலத்துல மருத்துவப் படிப்புன்னா வாத்தியார் நாற்காலியில உக்காந்து புத்தகம் வாசிப்பாரு, அவ்வளவுதான். நோயாளியத் தொடுறது கௌரவக் குறைச்சல். கட்டில் பக்கத்துல நின்னு கத்துக்கணும்ங்கிறது அப்புறம் வந்த புத்தி. உங்க கழுத்துல தொங்குதே, அது எப்படி வந்துச்சு தெரியுமா? அதுக்கு முன்னாடி நெஞ்சு மேல நேராக் காத வெச்சுத்தான் கேட்டாங்க. ஒரு டாக்டருக்கு ஒரு பொண்ணு நெஞ்சுல காது வெக்கக் கூச்சமாப் போச்சு. ஒரு தாளைச் சுருட்டி வெச்சுப் பாத்தாரு. முன்னவிட நல்லாக் கேட்டுச்சு! கூச்சத்துல பொறந்த கருவி. அதனால நீங்களும் கூச்சப்படலாம், தப்பில்ல."

ஒரு பையன் மட்டும் சிரித்தான். உள்ளே நாற்காலியில் அமர்ந்திருந்த அவள், காதை வைத்துக் கேட்ட காலம் அவ்வளவு பழையதா என்று நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு மாணவர் உள்ளே வருவதும், அடுத்த மணிக்கு வெளியேறுவதுமாகத் தேர்வு ஓடியது. அவள் மூச்சு வாங்கினாள், படிக்கட்டைக் குறை சொன்னாள், கால் வீக்கத்தைக் காட்டுவதுபோலக் காட்டினாள். எல்லாரும் ஒரே குரலில், "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார்கள். புரிந்துகொண்டதற்குத் தாளில் ஒரு கட்டம் உண்டு. பிறகு பொம்மையின் பக்கம் திரும்பிக் குழலை வைத்தார்கள். அவள் அவர்கள் முகத்தையே பார்த்திருந்தாள். கண் ஒருகணம் சுருங்கும்; ஓசை பிடிபட்டதும் மலரும்; பிறகு திடுக்கென்று புருவம் ஏறும். கனைக்கிறார். அந்நியப் பிள்ளைகளின் புருவத்தில் அவரைப் பார்த்துக்கொண்டு, பந்தியில் உட்கார்த்தப்பட்டும் இலை போடப்படாதவளைப் போல அவள் அமர்ந்திருந்தாள். கைநீட்டும் தூரத்தில் அவர் நெஞ்சு. நோயாளியாக நடிப்பவள் கருவியைத் தொடக்கூடாது என்பது விதி.

"வால்வு கசிவு" என்று சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு போனார்கள். அவள் கையிலிருந்த கதைத் தாளின் கடைசி வரி யாருக்கும் தேவைப்படவில்லை. 'சிகிச்சை குறித்துக் கேட்டால் மட்டும்: அறுவை செய்யச் சொன்னார்கள், தள்ளிப் போட்டேன்.' நோயைக் கண்டுபிடித்த கையோடு நோயாளி அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துபோனாள்.

கடைசியாக ஒரு மாணவி வந்தாள். ஸ்டெதஸ்கோப்பை ஒருமுறை கீழே போட்டாள். நெஞ்சில் அங்குமிங்கும் வைத்துக் கேட்டுவிட்டு, "வால்வு சுருங்கியிருக்கு" என்றாள். தவறு. தேர்வாளரின் பேனா நின்ற இடத்திலிருந்து அது மாணவிக்கும் தெரிந்திருக்க வேண்டும், முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் போகவில்லை. பொம்மையை விட்டுத் திரும்பி வந்து நாற்காலிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"அம்மா, இது என்ன கோளாறுன்னு நான் சரியாச் சொல்லாம இருக்கலாம். ஆனா இவ்வளவு மூச்சு வாங்குதே, இத்தன நாளா ஏன் சரி பண்ணாம இருக்கீங்க?"

இவள் தாளின் கடைசி வரியைச் சொன்னாள். "ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க. தள்ளிப் போட்டேன்."

"ஏன் தள்ளிப் போட்டீங்க?"

அதற்குத் தாளில் வரி இல்லை. நடிப்பு நோயாளி சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது என்பதும் விதிதான்.

"ரிப்பேர் பண்ணிட்டா சத்தம் போயிடும்ல? அப்புறம் யாரு கூப்பிடுவா?"

மாணவி திகைத்தாள். ஆனால் சிரிக்கவில்லை. அவள் சிரித்துவிடுவாளோ என்றுதான் இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் இல்லன்னாலும் கூப்பிடுவோம்மா. நீங்க இருந்தாத்தானே கூப்பிட முடியும்? இந்த வாரமே வந்து அட்மிட் ஆகுங்க. நானே உங்ககூட வரேன். வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க, உள்ள என்ன நடக்குதுன்னு." குழலின் காதுமுனைகளைத் தன் கழுத்திலிருந்து எடுத்து இவள் பக்கம் நீட்டினாள். ஈரமான விரல்கள். மறுமுனை இன்னும் பொம்மையைத் தொடவில்லை.

மணி அடித்தது.

"போயிடணும், டைம் முடிஞ்சுது" என்றார் தேர்வாளர். மாணவி எழுந்து, ஸ்டெதஸ்கோப்பை மீண்டும் கழுத்தில் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய்விட்டாள். அதை வாங்க நீட்டிய கையை இவள் மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு மாணவருக்கும் கடைசியில் நோயாளி சொல்ல வேண்டிய விடை ஒன்று உண்டு. தேர்வாளர் சலிப்போடு வாசித்தார்: "இந்த டாக்டர்கிட்ட மறுபடியும் வருவீங்களா?"

"வந்திருப்பாரு."

பேனா நின்றது. "யாரும்மா?"

அவள் கட்டிலைக் காட்டினாள். "இவரு. லாரி மெக்கானிக். வால்வு மாமான்னு கூப்பிடுவீங்க."

மருத்துவர் பொம்மையைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். "அந்தக் கனைப்பு..." என்றார். காலையில் பதிவைச் சரிபார்த்தபோது அவரும் அதைக் கேட்டிருந்தார். "எனக்கு ஃபைனல்ல அவருதாம்மா. பயத்துல ஒண்ணுமே கேக்கல. 'லீக்கும்மா, அடைப்பு இல்ல, தைரியமா எழுது'ன்னு காதுல சொன்னாரு."

"பாஸாயிட்டீங்களா?"

"மெடல் வாங்கினேன்."

"எல்லாரையும் பாஸ் பண்ண வெச்சாரு. அவருதான் ஃபெயிலாயிட்டாரு."

அதில் குத்தல் இல்லை. சமையலறையில் அவரைப் பற்றித் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் தொனியிலேயே சொன்னாள். மருத்துவர் மதிப்பெண் தாளை மேலிருந்து கீழாகத் தேடினார். ஏன் தள்ளிப் போட்டீர்கள் என்ற கேள்விக்கு அதில் கட்டமே இல்லை. தாளின் ஓரத்தில் எதையோ எழுதினார்; அடித்தார்; மறுபடி எழுதினார்.

வெளியே தள்ளுவண்டி உருளும் சத்தம். கருவி ஊழியர் தடுப்பை விலக்கி, "முடிஞ்சுதா டாக்டர்? கம்பெனி ஆளுங்க கீழ நிக்கிறாங்க, அணைச்சிடவா?" என்றார்.

"கொஞ்சம் இருப்பா." மருத்துவரின் கை தன் கழுத்துக்குப் போனது. தேர்வாளர்கள் குழல் அணிவதில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது. "அம்மா, இருங்க, நான் போய் ஒரு ஸ்டெதஸ்கோப்..."

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். மூச்சு வாங்கவில்லை. கையிலிருந்த கதைத் தாளை, அதன் கடைசி வரி உட்புறமாகப் போகும்படி, இறுக்கமாகச் சுருட்டினாள். பொம்மையின் இடது மார்புக்குக் கீழே, எவருடைய குழலும் சரியாகக் கண்டுபிடிக்குமுன்பே அவள் கன்னம் அறிந்திருந்த இடத்தில், அதை ஊன்றிக் காதை வைத்தாள்.

லப்... உஷ்ஷ்... டப்.

ரப்பருக்கு வாசனை வேறாக இருந்தது; சூடு இல்லை. கிரீஸ் நாற்றமும் சோப்பு நாற்றமும் கலந்த அந்த நெஞ்சை எந்தக் கம்பெனியாலும் செய்ய முடியாது. ஆனால் கசிவு அவருடையதுதான். கண்ணை மூடிக்கொண்டாள். ஊழியர் எதையோ சொல்ல வர, மருத்துவர் கையமர்த்தினார்.

அவர் கனைத்தார்.

சொல்லுங்க, என்றாள் அவள், உதடு அசையாமல்.

பதிவு அங்கே முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. லப்... உஷ்ஷ்... டப். இனி எத்தனை முறை சுற்றினாலும் அந்தக் கனைப்புக்குப் பிறகு வார்த்தை வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், தாளை இன்னும் சற்று அழுத்திக்கொண்டு, அடுத்த கனைப்புக்காகக் காத்திருந்தாள்.