கேட்காமல் கொடுத்த அட்டை

மருந்துக்கடையில் அவளை எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கருத்தடை மாத்திரை கேட்டு யார் வந்தாலும் குட்டி சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள்.

"பிரஷர் இருக்கா? தலைவலி வந்தா கண்ணு முன்னாடி மின்னுதா? சிகரெட் பழக்கம்? கைக்குழந்தை இருக்கா?"

எதற்கு இதெல்லாம் என்று கேட்டுவிட்டால் போச்சு, வாய் ஓயாது. மாத்திரையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டலாம். பிரஷர்காரர்களுக்கு ஆகாது. இன்னொன்றில் அது கிடையாது. "பூட்டைப் பாக்காம சாவி வாங்குவீங்களா?" என்று முடிப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் இப்போது செவிலியரின் அறையில், அண்ணிக்குப் பக்கத்தில், தலை தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். காலையில் துணி பிழியும்போது அண்ணி தலைசுற்றிச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

செவிலியர் அண்ணியின் கையிலிருந்து பிரஷர் பார்க்கும் பட்டையைக் கழற்றினார். "நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து. ரெண்டாவது தடவையும் அதேதான். இன்னிக்கே டாக்டரப் பாத்துட்டுத்தான் போகணும்." மேசையில் கிடந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது ஈஸ்ட்ரோஜன் உள்ளதாச்சே. எத்தன நாளா போடறீங்க?"

"நாலு மாசமா."

"எந்தக் கடையில குடுத்தாங்க? ஒரு வார்த்த கேக்கலையா?"

அண்ணி தரையைப் பார்த்தாள். "ஞாபகம் இல்லீங்க. ஏதோ ஒரு கடை."

குட்டிக்குச் சுருக்கென்றது. நான்கு மாதத்துக்கு முன்பு, கூட்டம் குறையும்வரை இருமல் மருந்து அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்ற அண்ணி, மடித்த சீட்டை நீட்டினாள். படித்ததும் குட்டிக்குக் காது சுட்டது. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் கூடப்பிறந்த அண்ணன். கேள்வி கேட்டால் அதையெல்லாம் பேசியாக வேண்டும். அட்டையைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். "சாயங்காலம் பால் வாங்கிட்டு வரவா அண்ணி?" அன்று அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதன்பின் மாதாமாதம் காகிதப் பொட்டலம், மாதாமாதம் மௌனம்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "மருந்துக்கடையில வேல பாக்கறேன். ஊருக்கெல்லாம் கேப்பேன். இவங்களக் கேக்கல."

செவிலியர் திட்டியிருந்தால் தேவலை. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, "இப்ப கேளுங்க," என்றார்.

குட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "அண்ணி... பிரஷர் முன்னாடியே இருந்துச்சா?"

"ரெண்டாவது பிரசவத்துலேர்ந்து இருக்கு."

அந்தப் பிரசவத்தின்போது மருத்துவமனைக்குச் சோறு கொண்டுபோனவளே குட்டிதான்.

"காப்பர்-டி வெச்சுக்கலாம், பிரஷருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா... மாசாமாசம் ரொம்பப் போகுமா?"

"மூணு நாள் எழுந்திரிக்கவே முடியாது. ஒரு வீட்டுலதான இருக்கோம், உனக்குத் தெரியாதாக்கும்!" அண்ணி சிரிக்கப் பார்த்தாள்.

"அப்ப காப்பர்-டி அத இன்னும் கூட்டிரும்," என்று முனகினாள் குட்டி. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஈஸ்ட்ரோஜன் இல்லாததா, ரத்தப்போக்கையும் கொறைக்கறதா ஒண்ணு இருக்கு, கருப்பையில வெக்கறது," என்றார் செவிலியர். "பிரஷர் எறங்கட்டும், டாக்டர் முடிவு பண்ணுவார். இந்த மாத்திரைய இன்னியோட நிறுத்திடுங்க, அதுவரைக்கும் ஆணுறை. எந்த நோய்க்கும் அது எடஞ்சல் பண்ணாது. வீட்டுக்காரர்கிட்ட யார் சொல்றீங்க?"

கதவுக்கு வெளியே அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணி அட்டையை எடுத்துக் குட்டியின் உள்ளங்கையில் வைத்தாள். "நீயே சொல்லு தாயே. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்களுக்கெல்லாம் வெளக்கறியாமே."

குட்டிக்குக் காது மறுபடியும் சுட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"அண்ணா, கொஞ்சம் உள்ள வா. உன்ன சில கேள்வி கேக்கணும்."