அறுபத்தொன்றாவது கவர்

இன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூச்சுச் சோதனைக்கு ஊதும் குழாய்களை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடியும் அடுக்கினேன். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அங்கே நன்றாக இல்லையென்று பழைய இடத்துக்கே இழுத்தேன். பேராசிரியர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஏம்மா, நீ உட்காரவே மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கென்ன, அவர் கவரைப் பார்க்கவில்லையே.

கவர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிகரெட்டை விடவைப்பது பற்றி எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நடத்தும் ஓர் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு ஆறு மாதம் வாராவாரம் நர்ஸ் போன் செய்து பேசுவார். மீதிப் பேருக்கு ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு, எண் போட்ட கவர்களில் அடைத்து ஒட்டியாயிற்று. வரிசையில் வருகிறவருக்கு அடுத்த கவரைப் பிரிக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது.

ஆறு மாதம் முன்பு அந்த வரிசையில் என் அண்ணன் வந்து உட்கார்ந்தான். சண்டை போட்டு நான்தான் இழுத்து வந்தேன். அப்பாவின் கடைசி எக்ஸ்ரேயைக் கையில் வாங்கிப் பார்த்தவள் நான். அண்ணனும் அப்பாவைப் போலவே இரும ஆரம்பித்திருந்தான். அடுத்த கவர் அறுபத்தொன்று. பாழாய்ப்போன என் கை சும்மா இருந்ததா? டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அந்த மாதம் வாங்கிய கவர்கள் ரொம்ப மெலிசு. உள்ளே 'பிரசுரம்' என்று தெரிந்தது. அறுபத்திரண்டில் 'போன்'.

அண்ணனுக்கு அடுத்து, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, நீ போய் அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்று அவனை விரட்டினேன். தையல்காரரிடம், "சார், நீங்க முன்னாடி வாங்க" என்றேன்.

"கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேம்மா. நீ நல்லா இருக்கணும்" என்றார் அவர். நானும் வெட்கமில்லாமல் சிரித்து வைத்தேன்.

இன்று இருவருக்கும் கடைசிச் சோதனை. மெஷினில் ஊதினால் மூச்சில் இருக்கும் புகையை எண்ணாகக் காட்டிவிடும். ஆறுக்குக் கீழே இருந்தால் சிகரெட்டை விட்டாயிற்று என்று அர்த்தம்.

முதலில் அண்ணன் ஊதினான். இரண்டு!

"பாத்தியா? அந்த நர்ஸம்மா வாராவாரம் போன் பண்ணி உயிரை எடுத்துட்டாங்க. அவங்களுக்குப் பயந்தே விட்டுட்டேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தையல்காரர் வந்தார். ஊதினார். இருபத்துநான்கு.

"ரொம்ப அதிகமாம்மா?"

"அதிகந்தான் சார்."

சட்டைப் பையிலிருந்து எங்கள் பிரசுரத்தை எடுத்தார். மடித்து மடித்துக் கிழிந்த இடத்தில், காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியை ஒட்டியிருந்தார்.

"தினமும் படிக்கிறேம்மா. நாலு தடவை விட்டுப் பாத்தேன். கை நடுங்குது, கத்திரி புடிக்க முடியல. அந்த நேரத்துல யார்கிட்டயாவது கேக்கலாமேன்னு இருக்கும். யாரைக் கேக்கிறது? எனக்கு மனசுல உறுதி இல்லன்னு வீட்டுல சொல்றா. அவ சொல்றது சரிதான்."

"சரியில்ல சார்" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். நான் சொல்ல ஆரம்பித்தேன். கவர், டியூப்லைட், ஜெராக்ஸ், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "ஏய், வாயை மூடு, வேலை போயிடும்" என்று அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான். உதறினேன். "அந்தப் போன் உங்களுக்கு வர வேண்டியது சார். நான்தான் இவனுக்குத் திருப்பி விட்டேன்."

தையல்காரர் பிரசுரத்தைப் பழைய மடிப்பிலேயே மெதுவாக மடித்தார்.

"அன்னைக்கு என்னை முன்னாடி கூப்பிட்டது அதுக்குத்தானா?"

"ஆமா சார்."

"வீட்டுல போய்ச் சொன்னேம்மா. அங்க ஒரு பொண்ணு எவ்வளவு மரியாதையா நடத்துச்சுன்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்கு நடந்தேன்.

பின்னால் தையல்காரர் அண்ணனிடம் கேட்பது காதில் விழுந்தது. "தம்பி, அந்தப் போன்ல அப்படி என்னதான் சொல்வாங்க?"

ஓயாமல் பேசுகிற என் அண்ணனுக்குத் திக்கியது. "அது... மூணாவது நாள்தான் ரொம்பக் கஷ்டம்னு சொல்வாங்க. அன்னைக்கு மட்டும் ரெண்டு தடவை கூப்பிடுவாங்க."

"எனக்கும் மூணாவது நாள்தான் தம்பி" என்றார் தையல்காரர்.

நான் கதவைத் தட்டினேன்.